பிள்ளைத்தாச்சியின் உடுப்பு: ஆடம்பரமா, அவசியமா?

“இன்னும் நாலு மாதந்தானே. இருக்கிறதைப் போட்டுச் சமாளி.”

வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண், தனக்கு உடுக்க ஒன்றும் பொருந்தவில்லை என்று வாய் திறந்தால், எங்கள் வீடுகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். சொல்பவர் மாமியாராக இருக்கலாம், பெற்ற தாயாக இருக்கலாம், கணவனாகவும் இருக்கலாம். சில வேளைகளில் அந்தப் பெண்ணே இப்பதிலைத் தனக்குச் சொல்லிக்கொண்டு, கேட்காமலே இருந்துவிடுகிறாள். இப்படிச் சொல்பவர்கள் கல்நெஞ்சக்காரர் அல்லர். கையில் உள்ள காசு கொஞ்சம். வரப்போகும் செலவோ பெரிது. பிள்ளை பிறந்தபின் பயன்படாத உடுப்புக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். அந்த நியாயத்தை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து சற்று நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

ஒரு குருவானவர் எழுதும் விடயமா இது என்று சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். பட்டினியைப் பற்றி எழுதலாம், குடியைப் பற்றி எழுதலாம், சீதனத்தைப் பற்றி எழுதலாம். பெண்களின் உடுப்பென்று வந்துவிட்டால், “அடக்கமாய் உடுத்துங்கள்” என்று கூறி அத்துடன் நிறுத்திக்கொள்வதே கோயில் பிரசங்கங்களின் வழக்கம். அடக்கமாய் உடுப்பதற்கும் உடுப்பு வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை.

முதலில் உள்ளதை உள்ளபடி பார்ப்போம். நாலாம், ஐந்தாம் மாதத்தில் வயிறு தெரியத் தொடங்குகிறது. மாதம் நிறையும்போது சாதாரண உடல்வாகுள்ள பெண்ணொருத்தியின் நிறை 10 கிலோவுக்கு மேல் கூடிவிடும். வயிறு மட்டுமா? மார்பு பெருக்கிறது, கை பருக்கிறது, பாதம் வீங்குகிறது. முந்திய சட்டைகள் ஒன்றும் ஏறா. உள்பாவாடையின் நாடா இறுகி இடுப்பில் தழும்பு போடுகிறது. இந்தக் காலத்தில்தான் அவள் வழக்கத்தை விட அதிகமாக வெளியே போக வேண்டியும் இருக்கிறது. கிளினிக் நாள் வருகிறது. இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். ஸ்கான் எடுக்க வைத்தியசாலைக்குப் பஸ் ஏறவேண்டும். அங்கே பத்துப் பேரோடு வாங்கில் இருக்கவேண்டும், நிறுவையில் ஏறி நிற்கவேண்டும், கட்டிலில் படுத்து வயிற்றைக் காட்டவேண்டும். மேலே போடும் சட்டையை அக்காவிடமோ அயலிலோ இரவல் வாங்கலாம். கட்டிலில் படுக்கும்போது கிழிந்த உள்பாவாடையும் பின் குத்திய இடமும் தெரியுமே, அதற்கு யாரிடம் இரவல் கேட்பது? கிளினிக்குக்கு ஒரு தவணை வராமல் விட்ட தாய்மாரிடம் காரணம் கேட்டால், “ஏலாமல் இருந்தது” என்பார்களாம். துருவிக் கேட்டால்தான் சிலரிடமிருந்து இந்தக் காரணம் வெளியே வரும் என்று அனுபவமுள்ள ஒரு மருத்துவமாது எம்மிடம் கூறினார்.

வீட்டில் நிற்பதற்கு நைற்றி போதும். ஆனால் நைற்றியோடு படலை மட்டும்தான் வரலாம். படலைக்கு அப்பால் உள்ள உலகம், அதாவது கடை, கோயில், தங்கச்சி வீடு, மூத்த பிள்ளையின் பாடசாலைக் கூட்டம், இவை ஒவ்வொன்றாக அவளுக்கு அடைபட்டுப் போகின்றன. ஞாயிறு பூசையில் இரண்டு மூன்று கிழமை காணாவிட்டால், பிள்ளைத்தாச்சிக்குக் களைப்பாயிருக்கும் என்று நாமும் நினைத்துக்கொள்கிறோம். களைப்பாகவும் இருக்கலாம். வேறொன்றாகவும் இருக்கலாம்.

“கந்தையானாலும் கசக்கிக் கட்டு” என்பது எமது முதுமொழி. நல்ல வார்த்தைதான். இருப்பினும், இதைச் சொல்பவர் பெரும்பாலும் இல்லாதவரைப் பார்த்தே சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஒருத்திக்குப் பொருந்தும் உடுப்பு ஒன்றே ஒன்றுதான் உண்டென்றால் அவள் எதைக் கசக்குவாள், கசக்கியது காயும்வரை எதைக் கட்டுவாள்? ஐப்பசி, கார்த்திகை மாரியில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் ஈரம் விடாது. முதுமொழியின்படி நடப்பதற்கே குறைந்தது இரண்டு வேண்டும். உடலில் ஒன்று, கொடியில் ஒன்று. வெளியே போக இன்னொன்று. ஆக மூன்று. இந்த மூன்றைத்தான் நாம் இங்கே ‘தேவை’ என்கிறோம். நாலாவதைப் பற்றி இப்போது வழக்காடவில்லை.

இனி எதிர்வாதத்துக்கு வருவோம். “சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது சட்டைக்கு வழியா?” என்று கேட்பவர் வீண்பேச்சுப் பேசவில்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. உணவுப்பொருட்களில் மட்டும் அது 94.9 சதவீதம். அந்த வருடத்தில் முட்டையை எண்ணி வாங்கிய குடும்பங்கள் பல இன்னும் முழுதாக நிமிரவில்லை. எமது நாடு ஏழைத் தாயின் வயிற்றைப் பற்றி நீண்டகாலமாகவே கவலைப்பட்டு வந்திருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1973 இல் திரிபோசா தொடங்கப்பட்டது. 2015 இல் கர்ப்பிணித் தாய்மாருக்கு மாதம் 2,000 ரூபாவாகப் பத்து மாதத்துக்குப் போசாக்கு உணவு வழங்கும் திட்டம் வந்தது. மருத்துவமாது வீடு தேடி வருகிறார். இவை பல நாடுகளில் ஏழைகளுக்குக் கிட்டாத பேறுகள். ஆனால் நிறையையும் இரத்தத்தையும் கணக்கெடுக்கும் எந்த அட்டையிலும், ‘இவளுக்கு வெளியே போட உடுப்பு உண்டா’ என்ற கேள்விக்கு இடம் இல்லை.

ஒரு வீட்டில் மெய்யாகவே முட்டைக்கும் துணிக்கும் இடையே ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறதென்றால், முட்டைதான் முதல். இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் எத்தனை வீடுகளில் முட்டைக்கும் துணிக்குமிடையே போட்டி நடக்கிறது? பெரும்பாலான வீடுகளில் துணியோடு போட்டியிடுவது வேறு. ஞானஸ்நானத்துக்குப் பந்தல் போட்டு நூறு பேருக்குச் சாப்பாடு கொடுக்க இப்போதிருந்தே சீட்டுக் கட்டுகிறார்கள். கணவனுடைய சிகரெட்டுக்கும் பின்னேரப் போத்தலுக்கும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டிலும் வலையும் வாங்கியாயிற்று. அப்பிள்ளையைச் சுமப்பவளுக்கு மட்டும் ‘நாலு மாதந்தானே’. அலுமாரியைத் திறந்தால் மேல் தட்டில் கல்யாணச் சேலை பூச்சி உருண்டையோடு கிடக்கிறது. ஒரு நாள் உடுத்தது. அதற்கு எத்தனை மாதச் சம்பளம் போயிற்று என்று கேட்டால் சண்டை வரும்.

ஒரு நாளைக்கு உடுக்கும் சேலைக்கு அவ்வளவு செலவழித்த அதே குடும்பம், நூறு நாளைக்கு மேல் உடுக்கவேண்டிய சட்டையை வீண்செலவு என்கிறது. கல்யாணத்தன்று ஊர் வந்து பார்க்கும். அதனால் அது குடும்பத்தின் மானம். கிளினிக் வாங்கில் அவளை யார் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே அங்கே படும் வெட்கம் அவளுடைய தனிக்கணக்கில் சேர்ந்துவிடுகிறது. பெண்ணின் உடுப்பு எமக்காக இருக்கும்போது தேவையாகவும், அவளுக்காக இருக்கும்போது ஆடம்பரமாகவும் தோன்றுவது எப்படி என்பதை ஒவ்வொரு வீட்டுத் தலைவரும் யோசித்துப் பார்க்கலாம்.

‘தேவை’ என்ற சொல்லைப் பொருளியல் அறிஞர்கள் எப்படி விளக்கினார்கள் என்று பார்ப்பதும் பயனுள்ளது. அடம் சிமித் 1776 இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்ற நூலில், உயிர் வாழ்வதற்கு வேண்டியவை மட்டுமே தேவைகள் அல்ல என்கிறார். ஒரு நாட்டின் வழக்கப்படி, மிக ஏழையான கண்ணியமுள்ள மனிதருக்குக்கூட எது இல்லாதிருப்பது வெட்கமோ அதுவும் தேவையே என்பது அவர் கருத்து. அவர் தரும் உதாரணம் லினன் சட்டை. பழைய கிரேக்கரும் உரோமரும் அது இல்லாமலே சுகமாக வாழ்ந்தார்கள்; ஆனால் தம் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித் தொழிலாளியும் அது இல்லாமல் பலர் முன் வர வெட்கப்படுவான் என்கிறார். தோல் சப்பாத்தையும் அப்படியே சொல்கிறார்: இங்கிலாந்தில் ஆண், பெண் இருபாலாருக்கும் அது தேவை, ஸ்கொத்லாந்தில் ஆண்களுக்கு மட்டும், பிரான்சில் இருவருக்குமே இல்லை. வெட்கத்தின் எல்லையை ஊர்வழக்குத்தான் போடுகிறது. அந்த எல்லைக்குள் நிற்க வேண்டியதை இல்லாதவனிடம் இல்லை என்றால் அது வறுமை. எமது காலத்தில் அமார்த்திய சென் இக்கருத்தை எடுத்து வளர்த்தார். வெட்கமின்றிப் பலர் முன் நடமாடக்கூடிய நிலையும் மனிதனுக்கு இருக்கவேண்டிய ஆற்றல்களுள் ஒன்று. அது இல்லாதவன் வயிறு நிறைந்திருந்தாலும் ஏழைதான் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எமது ஊர்வழக்கு என்ன? கர்ப்பிணிப் பெண் நைற்றியோடு பஸ் ஏறினால் அயல் கதைக்கும். இறுகிய சட்டையோடு ஏறினாலும் கதைக்கும். வெட்கத்தின் எல்லையைக் கீறியவர்கள் நாம். எல்லையைக் கீறிவிட்டு, அதற்குள் நிற்பதற்குரிய உடுப்பைக் கேட்பவளை ஆடம்பரக்காரி என்பது எவ்வகையில் நீதி?

உலகத்தாரின் நூல் ஒருபுறமிருக்க, திருச்சபையின் அறிஞர்கள் என்ன சொன்னார்கள்? புனித தோமஸ் அக்குவினாஸ் தமது ‘சும்மா’வில் (பெயரைப் பார்த்துச் சிரிக்கவேண்டாம், அது இலத்தீன்) உடையைப் பற்றித் தனியாகவே ஒரு வினாவை எடுத்து ஆராய்கிறார். பிழை துணியில் இல்லை, அதைப் பயன்படுத்தும் மனிதனின் அளவுமீறிய பற்றில்தான் உண்டு என்பது அவர் முடிவு. எம்மில் பலர் வாசிக்காமல் தாண்டிவிடும் பகுதி அதற்குப் பிறகு வருகிறது. மிகுதியில் மட்டுமல்ல, குறையிலும் பிழை நேரலாம் என்கிறார். தன் நிலைக்கு ஏற்ற விதமாக உடுத்துவதற்கு வேண்டிய முயற்சியை எடுக்காமல் அசட்டையாக விடுவதும் ஒரு பிழை. கந்தலையே பெருமையாகக் காட்டிக்கொள்வதும் பிழை. அழுக்கு உடையிலும் வீண்பெருமை ஒளிந்திருக்கலாம் என்று புனித அகுஸ்தீனாரைத் துணைக்கு அழைக்கிறார்.

1609 இல் வெளிவந்த தமது பக்திநூலில் புனித பிரான்சிஸ் சலேசியார் இன்னும் ஒரு படி போகிறார். அந்நூல் மடத்துக் கன்னியருக்கு எழுதப்பட்டதன்று. குடும்பப் பெண்ணொருத்திக்கு அவர் கொடுத்த ஆலோசனைகளிலிருந்து வளர்ந்தது. பக்தியுள்ளவர்கள் ஒரு கூட்டத்தில் மிகச் சீராக உடுத்தியவர்களாகவும், அதே சமயம் மிகக் குறைந்த பகட்டு உள்ளவர்களாகவும் இருக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். கறையும் கிழிசலும் கவனிக்காமல் திரிவதை அவர் பக்தி என்று ஒப்பவில்லை. பத்திரிகை எழுதுவோருக்கெல்லாம் 1923 முதல் அவர்தான் பாதுகாவலர் என்பதால், அவரைச் சாட்சிக்கு அழைக்க எமக்கு உரிமை உண்டு.

“ஆனால் சுவாமி, தியாகம் என்று ஒன்று இல்லையா? தாய் என்றாலே தியாகம் அல்லவா?” என்று கேட்பீர்கள். உண்டு. தன்னிடம் உள்ளதை ஒருத்தி தானாக விரும்பி விட்டுக்கொடுத்தால் அது தியாகம். அதற்கு நாம் தலை வணங்குவோம். அவள் கையில் கொடுக்காமலே வைத்துக்கொண்டு, ‘பாருங்கள், எவ்வளவு பொறுமைசாலி’ என்று புகழ்வது என்ன? தபசு காலத்தில் நாம் இறைச்சியை விடுகிறோம். இறைச்சி வாங்க வழியில்லாதவன் வருடம் முழுவதும் தபசு இருக்கிறான் என்று நாம் சொல்வதுண்டா? ஒறுத்தல் என்பது தெரிவு செய்பவனுக்கே உரியது. ஏழைப் பெண்ணுக்குத் தெரிவே இல்லாத இடத்தில் அவளுடைய இல்லாமைக்குத் தியாகம் என்று பெயர் வைப்பது, எமது கஞ்சத்தனத்தின் மேல் பூசை உடுப்பைப் போர்த்துவதற்குச் சமம். கடுமையாக எழுதிவிட்டோம் என்று நினைக்கும் வாசகர், தம் வீட்டில் கடைசியாகப் பேறு நடந்த வருடத்தில் யார் யாருக்கு எத்தனை உடுப்பு வாங்கப்பட்டது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

உடுப்பு இல்லாமையால் கர்ப்பிணிகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தது எமது நாட்டில் மட்டும் நடந்த காரியமல்ல. லித்துவேனியாவில் பிறந்து 1895 இல் நியூயோர்க் போய்ச் சேர்ந்த லீனா ஹிம்மெல்ஸ்டைன் என்ற பெண் தையல் வேலை செய்து வாழ்ந்தார். பிறையன்ற் என்பவரை மணந்தார். கைக்குழந்தையோடு இளம் விதவையானார். கணவன் கொடுத்த வைரத்தோட்டை அடகு வைத்துத் தையல் மெஷின் ஒன்று வாங்கினார். 1904 அளவில், பிள்ளை உண்டாகியிருந்த ஒரு வாடிக்கைக்காரி அவரிடம் வந்து, விருந்தினர் முன் வரத்தக்கதாகவும் உடம்புக்கு இலகுவாகவும் ஒன்று தைத்துத் தரக் கேட்டார். மேற்சட்டைக்கும் மடிப்புப் பாவாடைக்கும் நடுவே இலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தார் லீனா. அது வயிற்றோடு சேர்ந்து விரிந்தது. உடுப்புப் பிரபலமாயிற்று, ஆனால் அதற்கு விளம்பரம் போடப் பத்திரிகைகள் மறுத்தன. கர்ப்பம் என்பது அச்சில் ஏறக்கூடாத விடயம் என்று கருதிய காலம் அது. 1911 இல் ஒரு பத்திரிகை துணிந்து விளம்பரத்தைப் போட்டது. மறுநாளே கடையில் இருந்தவை எல்லாம் விற்றுத் தீர்ந்தன. அவ்வளவு பெண்கள் வீட்டுக்குள் காத்திருந்தார்கள் என்பதுதானே அதன் பொருள்.

இதற்கும் முந்திய ஒரு படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இத்தாலியின் தொஸ்கானாப் பகுதியில் மொன்தேர்க்கி என்ற சிற்றூரில், பியேரோ தெல்லா பிரான்செஸ்கா என்ற ஓவியர் 1460 அளவில் வரைந்த சுவரோவியம் ஒன்று இருக்கிறது. நிறைமாதத் தாயாக நிற்கும் தேவதாய். நீல அங்கி முன்புறமும் பக்கத்திலும் தளர்த்தி விடப்பட்டிருக்கிறது; அந்த விலகலூடாக உள்ளே போட்ட வெள்ளை உடுப்புத் தெரிகிறது; ஒரு கை அந்த இடத்தின்மேல் இருக்கிறது. புதிய உடுப்பு அல்ல அது. உள்ள அங்கியையே தையலைத் தளர்த்தி, உள்ளே சுத்தமான வெள்ளைத் துணி வைத்து, அக்காலத்து நாட்டுப்புறப் பெண்கள் சமாளித்த விதம். ஓவியர் அதை மறைக்கவில்லை. இரண்டு வானதூதர் திரையை விலக்கிக் காட்டுகிறார்கள். அவ்வூர்க் கர்ப்பிணிகள் தலைமுறை தலைமுறையாக அதன்முன் வந்து வேண்டிக்கொள்வார்கள்.

ஆடம்பரம் என்று ஒன்றே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. நிறைமாத வயிற்றோடு, தரையில் புரளும் அங்கியை வாடகைக்கு எடுத்து, கடற்கரையிலும் பூங்காவிலும் படம் பிடிப்பது இப்போது எமது பகுதிகளிலும் பரவி வருகிறது. படம் பிடிப்பது பாவமல்ல. பிறக்கும் பிள்ளை பின்னாளில் பார்த்து மகிழட்டும். ஆனால் ஒரு மணித்தியாலப் படத்துக்குக் கடன்பட்டவள் அடுத்த கிளினிக்குக்குப் பின் குத்திய பாவாடையோடு போகிறாள் என்றால், அங்கே ஏதோ தலைகீழாகிவிட்டது. அதற்கும் அவளை மட்டும் நோகமாட்டோம். அன்றாடம் கௌரவமாய் உடுக்க வழியில்லாதவளுக்கு, ஒரு நாளாவது இராணி போல நிற்கவேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு.

சரி, குறைந்த காசில் அந்த மூன்று உடுப்புகளுக்கு வழி என்ன? பல வருடமாகத் தைத்துவரும் ஒரு தையல் அம்மாவிடம் விசாரித்தோம். அவர் கூறியதை வாசகிகளுக்காக அப்படியே தருகிறோம். சேலையைப்போல் கர்ப்பிணிக்கு வசதியானது வேறில்லை. ஐந்தரை மீற்றரும் எந்த இடுப்புக்கும் வளைந்து கொடுக்கும். சிக்கல் சேலையில் அல்ல, சட்டையிலும் உள்பாவாடையிலும்தான். கல்யாணமான பெண்ணுக்குச் சட்டை தைக்கும்போது பக்கத் தையலில் ஒவ்வொரு ஓரத்திலும் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால், தேவைப்படும்போது பிரித்து மூன்று அங்குலம் வரை பெருப்பிக்கலாம். தையல்காரர் துணியை மிச்சம் பிடிக்க ஓரத்தை வெட்டிவிட்டாரென்றால், கைக்குக் கீழே அதே நிறத் துணியில் ஒரு பட்டி வைக்கலாம், முந்தானை மறைத்துவிடும். உள்பாவாடையின் நாடாவை எடுத்துவிட்டு, நாலு விரல் அகலப் பட்டி வைத்துத் தைத்தால் வயிற்றை வெட்டாது. உள்பாவாடை இரண்டாவது புதிதாய் இருக்கட்டும் என்று அவர் அழுத்திச் சொன்னார். வெளியே தெரியாததில் மிச்சம் பிடிக்கக் கூடாதாம்.

கவுண் தைப்பதென்றால் 45 அங்குல அகலத் துணியில் மூன்று மீற்றர் போதும். மார்புக்குக் கீழே சுருக்கு வைத்துத் தளர விடவேண்டும். பழைய நூல்சேலை ஒன்றை வெட்டினால் கவுணும் தைத்து, பிள்ளைக்குச் சின்னச் சட்டைகளுக்கும் மிஞ்சும்; பலமுறை தோய்த்த நூல்துணி பச்சைப்பிள்ளையின் தோலுக்கும் நல்லது. எமது வெயிலுக்கு நைலோன் வேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்துத் திறக்கக்கூடியதாகத் தைத்தால் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் அதையே போடலாம். அப்போது ‘நாலு மாதந்தானே’ என்ற கணக்கு ஒன்றரை வருடம் ஆகிவிடுகிறது. வயிறு துணியைத் தூக்கும். ஆகவே முன்பக்க விளிம்பைப் பின்பக்கத்தை விட இரண்டு அங்குலம் நீளமாக வெட்டவேண்டும். இதைத் தெரியாத தையல்காரர் தைத்த கவுண் எட்டாம் மாதத்தில் முன்னால் முழங்காலுக்கு ஏறி நிற்கும். கிளினிக் அட்டை வைக்க ஒரு பையும் வைக்கலாம்.

இன்னொன்றும் அவர் சொன்னார். இரவல் கொடுப்பவர்களும் வாங்கிக் கொடுப்பவர்களும் பிள்ளைத்தாச்சியிடம் நிறத்தைக் கேட்பதில்லையாம். ‘கிடைக்கிறதே பெரிசு’ என்று மங்கிய சாம்பல் நிறத்தில் ஒன்றை நீட்டுவார்களாம். நீலமா, சிவப்பா, பூப்போட்டதா என்று கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கட்டுநாயக்காவில் 1978 இல் வர்த்தக வலயம் திறந்த நாள் முதல், எமது நாட்டுப் பெண்கள் உலகத்துக்கே உடுப்புத் தைக்கிறார்கள். எமது கிராமத்துப் பிள்ளைகள் பலரும் இன்று அந்த மெஷின்களில் இருக்கிறார்கள். தைத்த கைக்குத் தன் பேறுகாலத்தில் ஒரு நல்ல சட்டை இல்லை என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2022 நவம்பரில் சில ஆசிரியைகள் சேலையின் விலையைக் காரணங் காட்டி வேறு உடையில் பாடசாலைக்குச் சென்றபோது நாடெங்கும் வாதம் எழுந்தது. பண்பாடு பேசினோம், ஒழுக்கம் பேசினோம். சம்பளத்துக்கும் சேலை விலைக்கும் உள்ள தூரத்தைப் பேசியவர்கள் குறைவு.

காசு உண்மையாகவே இல்லாத வீடுகளும் பங்குகளில் உண்டு. அங்கே முட்டைதான் வாங்கவேண்டும் என்று மேலே சொன்னோம். அப்படியானால் அந்தத் தாயின் உடுப்பு யாருடைய பொறுப்பு? பெட்டியில் கிடந்து மக்கும் ஆடை, இல்லாதவனுக்கு உரியது என்று நாலாம் நூற்றாண்டிலேயே புனித பசிலியார் தம் மக்களுக்குப் பிரசங்கித்தார். அப்போஸ்தலர் பணி ஒன்பதாம் அதிகாரத்தில் யோப்பா ஊர்த் தபித்தாவைப் பற்றி வாசிக்கிறோம். அவள் இறந்தபோது, இராயப்பரைச் சூழ்ந்து நின்ற கைம்பெண்கள் அவளுடைய புண்ணியங்களைப் பட்டியல் போடவில்லை. அவள் தைத்துத் தந்த அங்கிகளையும் மேலாடைகளையும் காட்டி அழுதார்கள்.

ஆகவே எமது பங்குகளிலுள்ள மாதர் சங்கங்களிடமும் வின்சன்ட் டி போல் சபையினரிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு பங்கிலும் பேறுகால உடுப்புப் பெட்டி ஒன்று வையுங்கள். பேறு முடிந்தவர்கள் தம் கவுண்களைத் தோய்த்து, பொத்தான் பார்த்து, அதில் போடட்டும். வேண்டியவர்கள் எடுத்துப்போய்ப் பின்னர் திருப்பி வைக்கட்டும். உள்பாவாடைகளை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். சங்கக் காசில் புதிதாகத் தைத்து வையுங்கள். பெட்டியைக் கோயில் விறாந்தையில் வைக்கவேண்டாம். பூசைக்கு வரும் எல்லோரும் பார்க்க அதைத் திறக்க ஒருத்தியும் வரமாட்டாள். தையல் தெரிந்த ஒரு அம்மாவின் வீட்டில் இருக்கட்டும். அளவு பார்த்துப் பிரித்துத் தைத்தும் கொடுப்பார். யார் எடுத்தார்கள் என்று கொப்பியில் பெயர் எழுதவேண்டாம். பெட்டி கொடுக்கும் வைபவத்தைப் படம் பிடித்து எமக்கு அனுப்பவும் வேண்டாம், இப்பத்திரிகையில் போடமாட்டோம்.